அம்புக்குறிப்படி வரவும்

பெருமாட்டி ஊர்க் கருப்புசாமிக்கு மோட்டார் சைக்கிள் சங்கமத்தின் மேல் விரோதம் எதுவும் கிடையாது. விருப்பமும் கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை, மாசி வெயிலில், அவர் வீட்டுக்குப் போகும் மண்பாதையை ஒட்டிய தரிசில் நானூறு ஐந்நூறு புல்லட்டுகள் வந்து நிற்கும். பகல் முழுக்க உறுமும். பொழுது சாயும்போது போய்விடும். அன்றைக்கு மட்டும் மாடுகள் கொஞ்சம் பாலைக் குறைத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் ஒலிபெருக்கி கட்டினால் பொறுத்துக்கொள்வதில்லையா, அந்த மாதிரி இதையும் பொறுத்துக்கொண்டு வந்தார்.

இந்த வருஷம் சங்கமத்துக்கு அறிவு வந்துவிட்டது. அதுதான் வினை.

அறிவைக் கொண்டுவந்தவர் பூபதிராஜா. தோப்பும் துரவும் உள்ள குடும்பத்துப் பிள்ளை. போன வருஷம் கோவாவில் ஏதோ ஒரு பெரிய சங்கமத்துக்குப் போய்விட்டு வந்தார். வந்த நாளிலிருந்து நம் ஊர்ச் சங்கமத்தை நினைத்தாலே அவருக்கு வெட்கமாக இருந்தது. இங்கே என்ன நடக்கிறது? வருகிறவன் நிழல் பார்த்து வண்டியை நிறுத்துகிறான். தெரிந்தவனைக் கட்டிப்பிடிக்கிறான். சாப்பிடுகிறான். கிளம்பிப் போகிறான். ஒருவனுக்காவது வழி தவறுகிறதா? கமிட்டியிடம் வந்து ஒருவனாவது ஒரு வார்த்தை கேட்கிறானா? அப்புறம் கமிட்டி எதற்கு என்று நாளைக்கு யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது? கமிட்டித் தலைவர் ஈஸ்வரமூர்த்தி, அரிசி ஆலை முதலாளி, இந்தக் கேள்வியால் வெகுநாளாகத் தூக்கம் கெட்டுக் கிடந்தவர். பூபதிராஜாவைக் கூப்பிட்டு லேஅவுட் கன்வீனர் ஆக்கினார்.

கன்வீனர் தரிசைச் சுற்றித் தகரம் அடித்தார். உள்ளே கயிறு கட்டினார். கயிற்றுக்குள் இன்னொரு கயிறு கட்டினார். கண்ட இடத்திலெல்லாம் மஞ்சள் அம்புக்குறி நட்டார். கருப்புசாமியின் மண்பாதை தகரத்துக்கு உள்ளே போய்விட்டது. வாய்க்காலைச் சுற்றி வரும் இன்னொரு வழி உண்டு, அதிலிருந்த கல்பாலத்தைப் பெயர்த்துப் பள்ளம் தோண்டிச் சேறு நிரப்பி 'சாகசப் பாதை' என்று பலகை வைத்தார். இதையெல்லாம் கருப்புசாமியிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் பட்டியலில் வீட்டுக்காரன் என்று ஓர் இனமே இல்லை.

சங்கமத்தன்று விடிந்ததிலிருந்து கருப்புசாமியின் செவலை மாடு முக்கிக்கொண்டிருந்தது. தலைச்சன் ஈத்து. பனிக்குடம் உடைந்து நேரமாகியும் ஒற்றைக் கால் மட்டும் வெளியே தெரிந்தது. மனைவி பெரியம்மாள் கையை நனைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "தலை மடங்கிக் கெடக்குதுங்க, நம்ம கைக்கு ஆவாது, டாக்டரைக் கூட்டியாங்க" என்றாள். கருப்புசாமி எக்செல் வண்டியை முடுக்கிக்கொண்டு பறந்தார். அப்போது ஆட்கள் தகரத்தின் கடைசி ஆணிகளை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒதுங்கி வழி விட்டார்கள். அவரும் என்னவோ ஏதோ என்று பார்க்காமல் போய்விட்டார்.

மிருகாஸ்பத்திரியில் ஜீப் இல்லை, ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. டாக்டர் யோகப்பிரியா சின்ன வயசு, பக்கத்துச் சித்தூர்க்காரி, விஷயத்தைக் கேட்டதும் கயிறு, தோள்வரை ஏறும் கையுறை, எண்ணெய் எல்லாவற்றையும் பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு எக்செல்லின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"வெரசா போங்ணா. இப்பப் போனா கன்னையும் காப்பாத்தலாம். நேரமாச்சுன்னா மாட்டைத்தான் பார்க்கோணும்."

திரும்பி வந்தபோது பாதை முகப்பில் ஓர் அலங்கார வளைவு நின்றது. அதன் கீழே கறுப்புத் தோல் சட்டை போட்ட ஒரு வாலண்டியர், அந்த வெயிலில், சட்டைக்குள் வெந்துகொண்டு நின்றான்.

"ரைடரா, பில்லியனா?"

"ஊட்டுக்குப் போகோணுமுங்க."

"அது லேஅவுட்டுல இல்லீங்க."

"இந்தத் தரிசைத் தாண்டுனா ஊடுங்க. அதா, தென்னை தெரியுது பாருங்க. மாடு கன்னு போட முடியாமக் கெடக்குது. டாக்டரம்மாவைக் கூட்டிட்டுப் போறனுங்க."

"மெடிக்கல் டீமுக்கு வேற கேட்டுங்க."

"அது எங்கீங்க?" என்று டாக்டர் கேட்டாள்.

"உள்ளேங்க."

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் குறும்பு எதுவும் இல்லை. அப்படித்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கருப்புசாமியின் கையில் சிவப்பு நாடாவும் டாக்டரின் கையில் மஞ்சள் நாடாவும் கட்டினான். சிவப்பு என்றால் ஓட்டுகிறவர், மஞ்சள் என்றால் உட்காருகிறவர். எக்செல்லின் முகப்பு விளக்கில் சங்கமத்தின் கழுகு ஒட்டப்பட்டது. "அம்புக்குறிப்படி வரவும்" என்று சொல்லி உள்ளே விட்டான். பின்னால் வளைவு மூடிக்கொண்டது.

அம்புக்குறி நேராகப் போனால் கருப்புசாமிக்கு வீடு வந்திருக்கும். அது இடப்பக்கம் திரும்பி, எஞ்சின் எண்ணெய்க் கடைகளுக்கு முன்னால் ஒரு சுற்று சுற்றி, வீட்டுமனை விற்கிறவர்களின் பந்தலுக்குள் நுழைந்து வெளியேறி, மறுபடி அதே எண்ணெய்க் கடைகளுக்கு வந்தது. இரண்டாம் தடவை கடைக்காரன் கருப்புசாமியைத் தெரிந்தவர் போல விசாரித்தான்.

அந்தத் திருப்பத்தில்தான் ஆனைகட்டி ஊர்க்காரர்களும் உள்ளூர்க்காரர்களும் எதிரெதிராக வந்து முட்டிக்கொண்டு நின்றார்கள். இருவருமே அம்புக்குறிப்படிதான் வந்திருந்தார்கள். யார் பின்வாங்குவது என்ற பேச்சு கொஞ்ச நேரம் மரியாதையாக நடந்தது. பிறகு ஆனைகட்டிக்காரர் ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். பேசத்தான் கழற்றுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் அதை வாரோடு சேர்த்துப் பிடித்து வீசி, முன்னால் நின்றவரின் வாயில் இறக்கினார். புதிய லேஅவுட்டின் முதல் பல் அங்கே விழுந்தது. உள்ளூர்க்காரர்கள் வண்டிகளை நிறுத்தி, பூட்டி, சாவியைப் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டு சண்டைக்கு வந்தார்கள். ஒருவர் சங்கிலியை எடுத்தார். இன்னொருவர் அம்புக்குறியையே பிடுங்கி அடித்தார். அம்பின் முனை கன்னத்தில் கிழித்துக்கொண்டு போனது.

டாக்டர் கருப்புசாமியின் தோளைத் தட்டினாள். "சந்துல பூந்து போங்ணா." எக்செல் அதற்கென்றே பிறந்த வண்டி. அது இரண்டு புல்லட்டுகளுக்கு நடுவே, விழுந்து கிடந்த ஒருவரின் காலைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கம் போய்விட்டது.

அந்தப் பக்கம் ஆலமரம். கன்று போட்டபின் விழும் நஞ்சுக்கொடியை வைக்கோலில் பொதிந்து அந்த ஆலமரத்தில் கட்டித் தொங்கவிடுவது சுற்றுவட்டாரத்தின் வழக்கம். பால் வடிகிற மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் வற்றாது என்று கட்டுகிறார்கள். காய்ந்தவை, பாதி காய்ந்தவை, போன வாரத்தவை என்று கிளைகள் நிறையப் பொதிகள். பழைய நாட்களில் சங்கமத்தார் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். பூபதிராஜா வந்து பார்த்தார். கிராமிய அலங்காரம் இயற்கையாகவே அமைந்திருக்கிறது என்று மகிழ்ந்து, மரத்தடியை முக்கிய விருந்தினர்களின் சாப்பாட்டு இடமாக அறிவித்தார். ஒவ்வொரு பொதிக்கும் ஒரு வண்ண விளக்கு போட்டார். கூலியாட்களுக்கு விஷயம் தெரியும். ஆனால் லேஅவுட் முடிவாகிவிட்டது, அபிப்பிராயங்கள் பிறகுதான் கேட்கப்படும் என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

விளக்கின் சூட்டில் ஒரு பொதியின் கயிறு நைந்தது. எர்ணாகுளத்திலிருந்து வந்திருந்த தலைமை விருந்தினர், டயர் ஏஜென்சி வைத்திருப்பவர், கோழிக்காலைக் கையில் எடுத்த நேரத்தில் அது நேராக அவர் இலையில் விழுந்து அவிழ்ந்தது. அவர் கொஞ்ச நேரம் அதையும் ஒரு பதார்த்தமாகவே பார்த்தார். பரிமாறுகிறவரிடம், இது என்ன என்று கேட்டார். பரிமாறுகிறவர் உண்மை பேசுகிற குடும்பத்தில் பிறந்தவர்.

விருந்தினரின் ஆட்கள் பரிமாறுகிறவரைப் பிடித்து அடித்தார்கள். சமையல்காரர்கள் அண்டாக் கரண்டிகளோடு வந்தார்கள். அண்டாக் கரண்டி நீளமானது, இரும்பு, பிடிக்க வாகானது. ஒரே வீச்சில் இரண்டு பேர் சாம்பாருக்குள் போனார்கள். விருந்தினர் மேசைக்கடியில் ஊர்ந்து வெளியே வந்து அம்புக்குறியைப் பின்பற்றி ஓடினார். எண்ணெய்க் கடைக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஆலமரத்திலிருந்து கருப்புசாமியின் வீடு கூப்பிடு தூரம். இடையில் இரண்டு கயிறும் ஒரு தகரமும்தான். அவர் எக்செல்லைச் சாய்த்துவிட்டு, டாக்டரின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முதல் கயிற்றைத் தாண்டினார். யாரோ விசில் ஊதினார்கள். இரண்டாம் கயிற்றில் கால் வைக்கும்போது முதுகில் ஓர் உதை விழுந்தது. விழுந்தவரை எழுப்பி நிறுத்தி, எழுந்தவரின் கன்னத்தில் அறைந்து, அறைந்த வாலண்டியரே மரியாதையாகச் சொன்னான்:

"எதிர்த்திசையில வரக்கூடாதுங்க. யாருக்காச்சும் அடிபட்டுரும்."

டாக்டர் அவன் கையைத் தட்டிவிட்டாள். "அங்க ஒரு உசுரு போயிட்டு இருக்குதுடா. புரியுதா உனக்கு?"

"புரியுதுங்க மேடம். கன்வீனர்கிட்டச் சொல்லுங்க. நாங்க கயிறு மட்டுந்தான் பாக்கறமுங்க."

கன்வீனர் மேடையில் இருந்தார். மேடைக்குப் பக்கத்தில் பனை உயரத்துக்கு லேஅவுட் படம் அச்சிட்டு நிறுத்தியிருந்தார்கள். கருப்புசாமி உதடு வீங்க அதன் முன்னால் போய் நின்று தன் வீட்டைத் தேடினார். வாய்க்கால் இருந்தது. ஆலமரம் இருந்தது. வீடு இருக்க வேண்டிய இடத்தில் பச்சை வட்டம் போட்டு 'கூடார முகாம் - ஆ' என்று எழுதியிருந்தது. மாட்டுக்கொட்டகை மேல் ஒரு கிட்டார் படம்.

"ஏனுங்க தம்பி, இது என்ற ஊடுங்க."

பூபதிராஜா மேடையிலிருந்து குனிந்து பார்த்தார். "படத்துல ஊடு எங்கீங்க இருக்குது? நல்லாப் பாருங்க."

"படத்துல இல்லீங்க. ஆனா ஊடு இருக்குதுங்களே."

"அதான் உங்க பக்கம் இருக்கற தப்புங்க" என்று சொல்லிவிட்டு அவர் மைக்கின் பக்கம் திரும்பினார். தலைவர் ஈஸ்வரமூர்த்தி கைதட்டித் தொடங்கிவைக்க, கன்வீனர் பேசினார்.

"நண்பர்களே, போன வருஷம் இங்கே என்ன நடந்தது? எல்லோரும் சந்தோஷமாக இருந்தீர்கள். கமிட்டியை ஒருவர்கூட நினைக்கவில்லை. நாங்கள் இந்த மேடையில் உட்கார்ந்து உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது எங்களுக்கு எவ்வளவு வேதனை என்று உங்களுக்குத் தெரியாது. இந்த வருஷம் பாருங்கள். காலையிலிருந்து ஒவ்வொருவரும் கமிட்டி எங்கே, கன்வீனர் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். என் பெயரைச் சொல்லாத வாய் இல்லை. இதுதான் ஒழுங்கு. வெளியே போகும் வழி எங்கே என்று சிலர் கேட்கிறார்கள். உள்ளே வருவதற்கு இவ்வளவு சிரத்தை எடுத்துக்கொண்ட நீங்கள், போவதற்கு ஏன் அவசரப்படுகிறீர்கள்? வெளியே போகும் வழி அடுத்த வருஷத் திட்டத்தில் இருக்கிறது."

கூட்டத்திலிருந்து முதலில் ஒரு தண்ணீர்ப் பாட்டில் வந்தது. பிறகு ஒரு பக்கக் கண்ணாடி வந்தது. பிறகு இருக்கை ஒன்று முழுசாக வந்து பூபதிராஜாவின் நெஞ்சில் பட்டு அவரைப் பின்திரையோடு சேர்த்துக் கீழே தள்ளியது. பந்தோபஸ்துக்கு வந்திருந்த இரண்டு போலீஸ்காரர்கள் எண்ணெய்க் கடை வட்டத்தில் சிக்கி, அவர்களும் கையில் நாடாவோடு சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

தலைவர் ஈஸ்வரமூர்த்தி அனுபவசாலி. மைக்கைப் பிடித்தார். "பங்கேற்பாளர்களின் அபிப்பிராயத்தைக் கமிட்டி மதிக்கிறது. ஆனால் அபிப்பிராயத்துக்கும் ஓர் இடம் வேண்டும்" என்றார். உடனே மேடைக்கு முன்னால் சுண்ணாம்புப் பொடியில் ஒரு பெரிய வட்டம் போட்டார்கள். புதிய லேஅவுட்டை ஆதரிப்பவர்கள் ஒரு பக்கம், எதிர்ப்பவர்கள் மறுபக்கம். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொருவராக உள்ளே வந்து அபிப்பிராயத்தைத் தெரிவிக்கலாம். ஹெல்மெட் அணிந்தே தெரிவிக்க வேண்டும், ஏனென்றால் பாதுகாப்பில் சங்கமம் சமரசம் செய்துகொள்வதில்லை.

அபிப்பிராயங்கள் வேகமாக வந்தன. ஒருவரின் தோள் கழன்றது. ஒருவருக்கு மூக்கு இடம் மாறியது. ஆதரிப்பவர்களில் பலருக்கு எதை ஆதரிக்கிறோம் என்று தெரியாது, நிழலில் நின்ற பக்கம் அது, அவ்வளவுதான். நன்றாக அடிக்கிறவர்களுக்குச் சால்வை போர்த்தினார்கள். கருப்புசாமி கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வழி உடுங்க, மாடு செத்துப்போயிருமுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதைக் கேட்ட தலைவரின் முகம் மலர்ந்தது.

"இதோ, இந்த ஊர்க்காரர் ஒருவரே பேச ஆசைப்படுகிறார். நடுநிலையாளர். அவருக்கு வழி விடுங்கள்."

வழி விட்டார்கள், வட்டத்துக்குள். ஆதரிப்பவர்களின் ஆள் அவர் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் புதிய லேஅவுட்டின் மேல் சந்தோஷம் இல்லை. வயிற்றில் குத்தினான். கருப்புசாமி மடிந்து மறுபக்கம் போய் விழுந்தார். எதிர்ப்பவர்களின் ஆள் அவர் கையிலிருந்த நாடாவைப் பார்த்தான். கமிட்டி கட்டிய நாடா. தூக்கி நிறுத்தி நெற்றியில் ஒன்று வைத்தான். கருப்புசாமி வாழ்நாளில் யார் மேலும் கை வைத்ததில்லை. பஞ்சாயத்தில்கூட ஒதுங்கி நின்று பேசுகிறவர். அவருக்கு அடி வலித்ததைவிட அவமானம் வலித்தது. அதைவிடக் கொட்டகையில் கிடக்கும் மாடு வலித்தது.

நெற்றியில் குத்தியவர் மிக்கேல்ராஜ். சூரியநெல்லி எஸ்டேட்காரர், இடுக்கிக் கூட்டத்துக்குத் தலைவர், ஆள் தேக்கு மாதிரி. இரண்டாவது குத்துக்குக் கையை ஓங்கியபோது டாக்டர் யோகப்பிரியா சுண்ணாம்பைத் தாண்டி உள்ளே வந்து, கருப்புசாமியின் தோளிலிருந்து விழுந்த பையைத் திறந்து கயிற்றை எடுத்து அந்தக் கை மேல் விளாசினாள்.

"அவர உடுங்க. அவரு ஊட்டுல மாடு கன்னு மாட்டிக் கெடக்குது. நான் மாட்டு டாக்டர். எங்களை உள்ள பூட்டி வெச்சிருக்கானுக."

மிக்கேல்ராஜ் ஓங்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். "மாடா?"

அதே நேரம் கருப்புசாமியின் போன் அடித்தது. பெரியம்மாள் பேசினாள். அழவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. "ஏனுங்க, எங்கீங்க இருக்கறீங்க? படுத்துருச்சு. முக்கறதையும் நிறுத்திப்போட்டுது. சும்மா என்ற மூஞ்சியவே பாக்குதுங்க."

கருப்புசாமி போனைப் பிடித்தபடி ரத்தம் ஒழுகும் முகத்தோடு மிக்கேல்ராஜைப் பார்த்தார்.

"தப்பாப் போச்சுண்ணே" என்றார் மிக்கேல்ராஜ். "நாங்க வெடியறதுக்கு முன்னாடி குளுருல எறங்கி வந்தவய்ங்க. எங்கள வெயில்ல, கக்கூஸ் ஓரத்துல நிறுத்திட்டாய்ங்க. அந்தக் கோவம். ஆளு தெரியாம அடிச்சுட்டேன். வண்டிய எடுங்க. வீடு எந்தப் பக்கம்?"

கருப்புசாமி கையைக் காட்டினார். ஆலமரத்தடியில் கிடந்த எக்செல்லை நிமிர்த்தி டாக்டரை ஏற்றிக்கொண்டார். சூரியநெல்லிக்காரர்கள் மூன்று புல்லட்டுகளை வரிசையாக நிறுத்தி முறுக்கிவிட்டு மோதினார்கள். தகரம் ஒரு வீட்டுக் கதவு அளவுக்குக் கிழிந்து விழுந்தது. கருப்புசாமியின் எக்செல் அதன் மேல் ஏறித் தடதடவென்று வெளியே போனது.

இங்கேதான் சங்கமம் முழுவதும் ஒரு தப்பைச் செய்தது. காலையிலிருந்து அந்த மைதானத்தில் போகும் இடம் தெரிந்து ஓட்டிய ஒரே ஆள் கருப்புசாமி. தலையைக் குனிந்து, பின்னால் திரும்பிப் பார்க்காமல், நேர்கோட்டில் போகும் ஒருவரைக் கண்டதும் எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான் தோன்றியது: வெளியே போகும் வழி அவனுக்குத் தெரியும். அடித்துக்கொண்டிருந்தவர்கள் அடியை நிறுத்தினார்கள். கீழே கிடந்தவர்கள் எழுந்தார்கள். நானூறு ஐந்நூறு புல்லட்டுகள் கிளம்பி, ஒரு எக்செல்லின் பின்னால், தென்னை வரப்புகளை உழுதுகொண்டு வந்தன. கமிட்டியின் ஜீப் ஒலிபெருக்கியோடு கடைசியில் வந்தது. "முகாம் ஆ-வை நோக்கிய அணிவகுப்பு இப்போது தொடங்குகிறது" என்று பூபதிராஜா, நெஞ்சைப் பிடித்தபடி, அறிவித்துக்கொண்டே வந்தார்.

பெரியம்மாள் கொட்டகையில் மாட்டின் தலையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் வந்துகொண்டிருந்ததையும் பார்த்தாள். டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டு மண்டியிட்டாள். கை தோள்வரை உள்ளே போனது. கண்ணை மூடிக்கொண்டு தேடினாள். வெளியே வாசல், பின்வாசல், வைக்கோல் போர், கிணற்றடி எல்லா இடத்திலும் வண்டிகள் வந்து நின்று புகைந்தன.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் கண்ணைத் திறந்தாள். "தலையைத் திருப்பியாச்சு. கயிறு மாட்டிட்டேன். இழுக்கோணும். பலமா நாலு பேரு வேணும், நான் சொல்றப்ப மட்டும்."

மிக்கேல்ராஜும் அவருடைய ஆட்களும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். காலையிலிருந்து மூக்கையும் தோளையும் உடைத்த கைகள். டாக்டர் "இப்ப" என்றால் இழுத்தன, "விடு" என்றால் விட்டன. மாடு ஒரு தடவை கத்தியது. சாணமும் ரத்தமும் நீருமாக எல்லோர் மேலும் அடித்தது. ஒரே சரிவாகக் கன்று வெளியே வந்து வைக்கோலில் விழுந்தது. கிடாரிக் கன்று, தாயைப் போலவே செவலை, நெற்றியில் வெள்ளை. டாக்டர் அதன் மூக்கைத் துடைத்தாள், தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், நெஞ்சை அமுக்கினாள், வாயில் வாய் வைத்து ஊதினாள். நாக்கு வெளியே தொங்கி நீலமாகக் கிடந்தது.

வெகுநேரம் கழித்துக் கையை எடுத்தாள்.

"மாடு பொழச்சுக்கும். இது இல்லீங்ணா. இன்னும் சூடு இருக்குது பாருங்க. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா" என்று தொடங்கியவள் அழுதாள். அதை மறைக்கவும் முயலவில்லை.

மிக்கேல்ராஜ் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். செவலை படுத்தபடியே கழுத்தை நீட்டி, பின்னால் கிடந்த கன்றைத் தேடியது. பெரியம்மாள் கன்றை இழுத்துத் தாயின் முகத்தருகே வைத்தாள்.

அப்போது தலைவர் ஈஸ்வரமூர்த்தி கொட்டகை வாசலில் வந்து நின்று எட்டிப் பார்த்தார். அவர் கண் கலங்கியது. உண்மையாகவே கலங்கியது, அதை மறுக்க முடியாது. வெளியே போய் ஜீப்பின் மேல் ஏறினார்.

"நண்பர்களே, நம் சங்கமத்தின் வரலாற்றில் துயரமான தருணம் இது. நம் பங்கேற்பாளர் ஒருவரின் கன்று, புதிய லேஅவுட்டின் முதல் நாளிலேயே, நம்மை விட்டுப் பிரிந்தது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். பாதை எங்கெங்கே வளைந்தாலும் எல்லோரும் கடைசியில் முகாம் ஆ-வுக்கு வந்து சேர்ந்துவிட்டோம். படத்தில் உள்ளபடியே. கன்வீனரின் தொலைநோக்கு அது. அடுத்த வருஷத்திலிருந்து இந்தக் கன்றின் நினைவாக ஒரு சுழற்கோப்பை வழங்கப்படும். இப்போது கன்றுக்கு நம் முறைப்படி மோட்டார் அஞ்சலி. எல்லோரும் முழு முறுக்கு முறுக்குங்கள்."

முறுக்கினார்கள். கூரை ஓடு அதிர்ந்தது. குருவிகள் தென்னையை விட்டுப் பறந்தன. கன்றின் நெற்றியை நக்க நாக்கை நீட்டிய செவலை மிரண்டு, எழ முயன்று, பின்னங்கால் மடங்கி, கன்றின் மேலேயே விழுந்தது. மறுபடி எழப் பார்த்தது. மறுபடி விழுந்தது. கண்கள் வெள்ளை தெரிய உருண்டன.

கருப்புசாமி எழுந்தார். சுவரில் சாய்த்து வைத்திருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

முதல் வீச்சு ஒலிபெருக்கிக்கு. அது வாய் பிளந்து தொங்கியது. இரண்டாவது, ஜீப்பின் பின்னால் ஆள் வைத்து ஓட்டிவந்த பூபதிராஜாவின் புது வண்டியின் டாங்கிக்கு. மூன்றாவது, அதைத் தடுக்க நீண்ட பூபதிராஜாவின் முன்கைக்கு. எலும்பு முறிந்த சத்தம் அத்தனை எஞ்சின்களுக்கு நடுவிலும் கேட்டது என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். ஜீப்பின் மேலே நின்ற தலைவர், "அபிப்பிராயத்தை வட்டத்துக்குள் தெரிவிக்க வேண்டும்" என்று ஆரம்பித்தார். கடப்பாரை அவர் முழங்காலைப் பெயர்த்தது. அதற்குள் பெரியம்மாள் தேங்காய் மட்டை உரிக்கும் பாரையோடு பின்வாசல் பக்கம் போயிருந்தாள். அங்கே முறுக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவரின் கை பிடியிலேயே நசுங்கியது. புருஷனும் பெண்டாட்டியும் களத்தில் கதிரடிக்கிறவர்கள் மாதிரி, விட்ட இடத்திலிருந்து எடுத்து, வரிசையாக, கையில் பட்டதையெல்லாம் அடித்தார்கள்.

வாய்க்காலில் விழுந்தவர்கள் உண்டு. வண்டியை விட்டுவிட்டுத் தென்னையில் ஏறியவர்கள் உண்டு. சாகசப் பாதையின் சேற்றைப் பலர் அப்போதுதான் உபயோகித்தார்கள். அந்த இடம் எத்தனை பக்கம் திறந்திருந்ததோ அத்தனை பக்கமும் சங்கமம் கலைந்து ஓடியது. பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து கமிட்டி வெளியிட்ட அறிவிப்பில், மைதானத்தைக் காலி செய்ய ஆன நேரம் முந்தைய எல்லா வருஷங்களையும்விடக் குறைவு என்றும், இது புதிய லேஅவுட்டின் வெற்றி என்றும், பங்கேற்பாளர்கள் தங்கள் உணர்ச்சிகளை மனம் திறந்து வெளிப்படுத்தினார்கள் என்றும் சொல்லப்பட்டிருந்தது. கருப்புசாமியின் மேல் கேஸ் எதுவும் இல்லை. அவர் வீடு படத்தில் இல்லாததால், அடித்த இடம் எது என்று கமிட்டியால் எழுதிக் கொடுக்க முடியவில்லை.

ஆனால் அது பின்னால். அப்போது கடைசி எஞ்சின் சத்தமும் வாய்க்காலுக்கு அப்பால் தேய்ந்து போனபின், காற்று தென்னை ஓலையில் அடிக்கும் சத்தம் மட்டும் இருந்தது. மிக்கேல்ராஜ் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பாமல், தள்ளிக்கொண்டே பாதை முனைவரை போனார்.

கருப்புசாமி கொட்டகைக்குள் வந்து கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு வைக்கோலில் உட்கார்ந்தார். அழுகை வந்தது, அழுதார். டாக்டர் கன்றை அப்புறப்படுத்த எழுந்தபோது பெரியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டுமுங்க அம்மிணி. சித்த நேரம்."

செவலை மெல்லக் கழுத்தைத் திருப்பியது. காதுகளை முன்னும் பின்னும் அசைத்துக் கேட்டது. சத்தம் எதுவும் இல்லை என்று நம்பிக்கை வந்தபின், நாக்கை நீட்டி, கன்றை நெற்றியிலிருந்து நக்கத் தொடங்கியது.